டாஸ்ல எழுதின மாங்கா மண்டிக் கணக்கு புது கம்ப்யூட்டர்ல அப்படியே ஓடணும்: ஃப்ரீடாஸ் கைகொடுக்குமா?

கிருஷ்ணகிரி_சர்வீஸ் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரியில சின்னதா கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வெச்சிருக்கேன். காவேரிப்பட்டணம் பக்கத்துல ஒரு மாங்கா மண்டி, எனக்குப் பல வருஷத்துக் கஸ்டமர். அங்க 1997ல கிளிப்பர்ங்கற டாஸ் காலத்து மொழியில எழுதின கணக்கு ப்ரோகிராம் இன்னும் ஓடிக்கிட்டு இருந்துச்சு. பென்டியம் 4, விண்டோஸ் எக்ஸ்பி. போன வாரம் மதர்போர்டு போயிடுச்சு. ஹார்டு டிஸ்க் உயிரோட இருக்கு, முழு இமேஜ் எடுத்துட்டேன், டேட்டா பத்திரம்.

முதலாளி புது கம்ப்யூட்டர் வாங்கிட்டார். விண்டோஸ் 11. ப்ரோகிராமை காப்பி பண்ணி கிளிக் பண்ணா, இது இந்தக் கம்ப்யூட்டர்ல ஓடாதுன்னு ஒரே வரியில சொல்லிடுது. 64 பிட் விண்டோஸ்ல 16 பிட் ப்ரோகிராம் ஓடாதுன்னு எனக்கும் தெரியும். எழுதினவர் இப்ப எங்க இருக்கார்னு யாருக்கும் தெரியல. எழுதின மூல வரிகள், அதாவது சோர்ஸ் கோடு கிடையாது, ஓடற ஃபைலான இஎக்ஸ்இ மட்டும்தான்.

கணக்குப்பிள்ளைக்கு 70 வயசு. அவர் வேலை பார்க்கறதைப் பக்கத்துல உக்காந்து பார்த்திருக்கேன். கண்ணு தராசு பக்கம் இருக்கும், இடது கை சீட்டுக்கட்டு மேல இருக்கும், வலது கை மட்டும் கீபோர்டுல. எஃப்2 அழுத்தினா புது வரவு. 1 போட்டா பெங்களூரா, 2 செந்தூரா, 3 நீலம். எடை, விலை, என்டர், என்டர், எஃப்5. கமிஷன், கூலி, முன்பணம் எல்லாம் தானே கழிஞ்சு டாட் மேட்ரிக்ஸ்ல சீட்டு வரும். மூணு அடுக்குப் பேப்பர்: தோட்டக்காரருக்கு ஒண்ணு, வாங்கறவருக்கு ஒண்ணு, மண்டிக்கு ஒண்ணு. ஊசி குத்தி அடிக்கிற பிரின்டர் இல்லாம மூணு நகலும் ஒரே அடியில வராது, அதனால லேசர் பிரின்டர் பேச்சுக்கே இடமில்ல.

ஏப்ரல்ல சீசன் ஆரம்பிக்குது. அதுக்குள்ள பழைய ப்ரோகிராமுக்குத் தான் இடம் மாறினதே தெரியாத மாதிரி ஒரு ஏற்பாடு பண்ணணும். மைக்ரோசாஃப்ட் டாஸுக்குப் பதிலா இலவசமாக் கிடைக்கிற ஃப்ரீடாஸ் பத்திப் படிச்சேன். நிஜ வேலைக்கு அதை நம்பலாமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

---

பர்கூர்க்காரன்

அண்ணா, நான் பெங்களூர்ல சாஃப்ட்வேர் வேலை பார்க்கறேன், சொந்த ஊர் பர்கூர். மனசுல பட்டதைச் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. மதர்போர்டு போனதை ஒரு வாய்ப்பா எடுத்துக்கிட்டு புதுசா எழுதிடுங்க. மண்டிக் கணக்கு ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல, ரெண்டு வாரத்துல வெப் அப்ளிகேஷனா நானே எழுதித் தரேன், காசு வேண்டாம். இன்னிக்கு எதையாவது ஒட்டவெச்சு ஓடவிட்டா, அஞ்சு வருஷம் கழிச்சு இதே கேள்வியோட வந்து நிப்பீங்க. அப்ப அந்தப் பெரியவரும் இருக்கமாட்டார், அந்த பிரின்டரும் இருக்காது. ஒரே ஆள், ஒரே மெஷின், சோர்ஸ் இல்லாத ஒரே ஃபைல்னு ஒரு வியாபாரமே தொங்கிக்கிட்டு இருக்கறது ஆபத்து.

---

பழைய_கிளிப்பர்

தம்பி பர்கூர், உங்க மனசு நல்ல மனசு. ஆனா "ரெண்டு வாரம்"னு சொன்னீங்களே, அந்த இடத்துல கொஞ்சம் நில்லுங்க.

நான் 90கள்ல இந்த வட்டாரத்துல புளி மண்டி, பட்டுக்கூடு வியாபாரம், அரிசி ஆலைன்னு பல இடத்துக்கு கிளிப்பர்ல எழுதிக் கொடுத்தவன். இந்த இஎக்ஸ்இ நான் எழுதினது இல்ல, ஆனா உள்ள என்ன இருக்கும்னு தெரியும். முதல்ல எழுதறது ரெண்டு வாரம்தான். அப்புறம் ஒரு நாள் எடையில அரைக் கிலோவை மேல ஏத்தறதா கீழ இறக்கறதான்னு தகராறு வரும். நாலு பேர் உக்காந்து பேசி ஒரு முடிவுக்கு வருவாங்க, நான் ஒரு வரி சேர்ப்பேன். இன்னொரு வருஷம் மழையில நனைஞ்ச காய்க்குக் கழிவு எவ்வளவுன்னு பிரச்சனை, இன்னொரு வரி. முன்பணம் வாங்கினவர் தவறிட்டா மகன் கணக்குல எப்படி ஏத்தறது, அதுக்கு ஒரு வரி. அந்த ப்ரோகிராம்ல இருக்கற ஒவ்வொரு விசித்திரமும் ஒரு சண்டை தீர்ந்த இடம். அது எந்தக் காகிதத்துலயும் எழுதியிருக்காது. புதுசா எழுதினா முதல் சீசன்லயே அந்தச் சண்டை எல்லாம் மறுபடி ஒவ்வொண்ணா கிளம்பும், இந்த முறை தோட்டக்காரர் மண்டி மேல சந்தேகப்படுவார்.

சோர்ஸ் மட்டும் இருந்திருந்தா வேலை சுலபம். கிளிப்பரை நான்டக்கெட் கம்பெனி செஞ்சது, 1992ல கம்ப்யூட்டர் அசோசியேட்ஸ் வாங்கினாங்க, அப்புறம் அதை அப்படியே விட்டுட்டாங்க. 1999ல ஹார்பர்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சு, அதே மொழிக்குப் புது கம்பைலரையே திறந்த மூலமா எழுதினாங்க. பழைய சோர்ஸான பிஆர்ஜி ஃபைலைக் கொடுத்தா லினக்ஸுக்கும் விண்டோஸுக்கும் நேரடியா இஎக்ஸ்இ எடுத்துக் கொடுக்கும். நான் என்னோட பழைய ப்ரோகிராம் சிலதை அதுல கம்பைல் பண்ணிப் பார்த்தேன். திரை வந்ததும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.

உங்ககிட்ட இஎக்ஸ்இ மட்டும்தான் இருக்குங்கறதால, அதுக்கு அடியில இருந்த தரையைத்தான் புதுசாப் போடணும். ஃப்ரீடாஸ் செய்யறது அதைத்தான்.

---

பாலக்கோடு_லினக்ஸ்

பழைய கிளிப்பர் ஐயா சொன்னதுக்கு மேல டெக்னிக்கலா கொஞ்சம்.

1994ல மைக்ரோசாஃப்ட், இனி டாஸ் தனியா வராது, எல்லாம் விண்டோஸ்தான்கற மாதிரி பேச ஆரம்பிச்சாங்க. அப்ப அமெரிக்காவுல கல்லூரி மாணவரா இருந்த ஜிம் ஹால், ஜூன் 29 அன்னிக்கு, நாமளே ஒரு டாஸ் எழுதலாம்னு அறிவிச்சார். முதல் பேர் பிடி-டாஸ், அப்புறம் ஃப்ரீடாஸ். அதோட மையப் பகுதியான கர்னல் பாட் வில்லானி எழுதினது. 1.0 வர 2006 ஆச்சு, அதாவது 12 வருஷம். இப்ப 1.4, 2025 ஏப்ரல்ல வந்தது. இத்தனை காலமா கைவிடாம வர்றதுக்கு அவங்களைக் கையெடுத்துக் கும்பிடணும்.

டாஸ் ப்ரோகிராம் பார்வையில டாஸ்ங்கறது என்ன? இன்டரப்ட் 21 ஹெக்ஸ்னு (ஹெக்ஸ்னா 16 அடிமான எண்) ஒரு கதவு. ரெஜிஸ்டர்ல ஒரு எண்ணை வெச்சுக்கிட்டு அந்தக் கதவைத் தட்டணும். 3டி வெச்சுத் தட்டினா ஃபைல் திறக்கும், 2ஏ வெச்சுத் தட்டினா தேதி வரும். கதவுக்கு அந்தப் பக்கம் மைக்ரோசாஃப்ட் இருக்காங்களா ஜிம் ஹால் குழு இருக்காங்களான்னு ப்ரோகிராமுக்குத் தெரியாது, கேக்கற பதில் வந்தா போதும். இதுல கஷ்டமே புத்தகத்துல போடாத கதவுகள்தான். 52 ஹெக்ஸ்னு ஒரு அழைப்பு, டாஸோட உள் அட்டவணைகள் நினைவகத்துல எங்க இருக்குன்னு காட்டும். அது வெளியாளுக்குன்னு செஞ்சதே இல்ல, ஆனா பல ப்ரோகிராம்கள் அதுக்குள்ள எட்டிப் பார்த்துச்சு. அதனால ஃப்ரீடாஸும் அதே அட்டவணையை அதே அடுக்குல வெச்சாகணும்.

அண்ணா, உங்க விஷயத்துல ஒரு முக்கியமான தடை. ஃப்ரீடாஸுக்கு, கம்ப்யூட்டரை எழுப்பி விடற பழைய பயாஸ் வேணும். இப்ப வர்ற போர்டு பலதுல அதுக்குப் பதிலா வந்த யுஇஎஃப்ஐ மட்டும்தான் இருக்கு, நேரடியா பூட் ஆகாது. அதனால புது மெஷின்ல லினக்ஸ் போடுங்க, அதுக்குள்ள கியூஎம்யூ (கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கிற ப்ரோகிராம்), அதுக்குள்ள ஃப்ரீடாஸ். டாஸ்பாக்ஸ் வேண்டாம், அது விளையாட்டுகளுக்குன்னு எழுதினது. கணக்கு வேலைக்குப் பொறுப்பேத்துக்க மாட்டோம்னு அவங்களே சொல்றாங்க. டாஸ்ஈமு2ன்னு இன்னொண்ணு இருக்கு, அதுவும் நல்லா இருக்கும், ஆனா முதல்ல கியூஎம்யூல முயற்சி பண்ணுங்க.

ரெண்டு குறிப்பு. கான்ஃபிக் ஃபைல்ல ஃபைல்ஸ் எண்ணிக்கையை 60க்கு மேல வையுங்க, கிளிப்பர் ஒரே நேரத்துல நிறைய டிபிஎஃப் (டேட்டா), என்டிஎக்ஸ் (வரிசைப் பட்டியல்) ஃபைல் திறக்கும். ஆட்டோஎக்ஸெக்ல எஃப்டிஏபிஎம்னு ஒரு ப்ரோகிராம், அதை ஏபிஎம்டாஸ்ங்கற சொல்லோட சேர்த்துப் போடுங்க. டாஸ் ப்ரோகிராம் சும்மா இருக்கும்போதும் "கீ அழுத்திட்டாங்களா"ன்னு ஓயாம கேட்டுக்கிட்டே இருக்கும், சிபியு ஒரு கோர் முழுசா 100 சதவீதம் போயிடும். இதைப் போட்டா அடங்கும்.

---

ஓசூர்_வயர்கட்

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், என் பிரச்சனையும் இதே ஜாதி. ஓசூர்ல சின்ன ஒர்க்‌ஷாப், மின்சாரம் பாயற கம்பியால உலோகத்தை வெட்டற ஒரு வயர்கட் மெஷின். கன்ட்ரோல் பண்றது எக்ஸ்பி கம்ப்யூட்டர், உள்ள ஒரு பிசிஐ கார்டு, அதுக்கு ஒரு டிரைவர். அந்த டிரைவர் எக்ஸ்பியைத் தாண்டி எதுலயும் ஏறாது. மெஷின் வித்தவங்களைக் கேட்டா முழு கன்ட்ரோலரையே மாத்துங்கன்னு லட்சக்கணக்குல சொல்றாங்க. மெஷின் இரும்பு இன்னும் 20 வருஷம் தாங்கும், கம்ப்யூட்டர்தான் சாகுது. விண்டோஸ் மாதிரியே புதுசா எழுதற ரியாக்ட்ஓஎஸ் போட்டா அந்த டிரைவர் ஓடுமா?

---

பாலக்கோடு_லினக்ஸ்

அண்ணா, நேரடியா பதில்: பரிசோதனைக்குப் போடுங்க, வேலைக்குப் போடாதீங்க.

கிளிப்பர் மாதிரி ப்ரோகிராமுக்கு மேல இருக்கற கதவு போதும். உங்களுக்கு வேண்டியது கர்னல் பக்கத்துக் கதவு. ஒயின் 1993ல இருந்து விண்டோஸ் ப்ரோகிராம்களை லினக்ஸ்ல ஓட்டுது, ரொம்ப முதிர்ந்த திட்டம். வால்வ் கம்பெனி 2018ல அதை வெச்சுதான், விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸ்ல ஓட்டற புரோட்டான் செஞ்சாங்க. ஆனா பிசிஐ கார்டுக்கான டிரைவர் ஒயினுக்குள்ள ஏறாது. டிரைவர் வரைக்கும் அப்படியே ஏத்துக்கணும்னு குறி வெச்சு எழுதற ஒரே பெரிய திட்டம் ரியாக்ட்ஓஎஸ்தான். 1996ல ஃப்ரீவின்95னு ஆரம்பிச்சு, 1998ல பேர் மாறி, விண்டோஸ் என்டி குடும்பத்தைப் பிடிச்சாங்க. இப்ப அவங்க குறி விண்டோஸ் சர்வர் 2003, அதாவது என்டி 5.2. எக்ஸ்பி 5.1, ரெண்டும் அண்ணன் தம்பி. அதனால உங்க கேள்வி நியாயமான கேள்விதான்.

ஆனா 0.4.15 வந்தது 2025 மார்ச்ல, அதுக்கு முந்தினது 2021 டிசம்பர்ல. இன்னும் ஆல்ஃபா. ஏன் இவ்வளவு மெதுவுன்னா, விண்டோஸோட உள் வேலை பாதிக்கு மேல எங்கயும் எழுதி வெக்கல. ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டுப் பார்த்து, தப்பான மதிப்பு கொடுத்தா என்ன பிழை எண் வருதுன்னு பார்த்து, அதே எண் வர்ற மாதிரி எழுதணும். 2006ல அவங்க கோடுல மைக்ரோசாஃப்ட் கோடுல இருந்து எடுத்தது இருக்குன்னு குற்றச்சாட்டு வந்தப்ப, வேலையை நிறுத்திட்டு முழு கோடையும் தணிக்கை பண்ணாங்க. பிரிச்சுப் பார்க்கறவர் ஒருத்தர், அவர் எழுதற குறிப்பை மட்டும் படிச்சு கோடு எழுதறவர் வேற ஒருத்தர்னு கட்டுப்பாட்டை இறுக்கினாங்க. 2020ல எக்ஸ்பி சோர்ஸ் இணையத்துல கசிஞ்சப்பகூட அதைத் தொட முடியாது. தொட்டா மொத்த உழைப்பும் போயிடும். அந்த நேர்மைக்கு அவங்க கொடுக்கற விலைதான் இந்தத் தாமதம்.

உங்க வேலைக்கு: கம்பி ஓடிக்கிட்டு இருக்கும்போது சிஸ்டம் நின்னா கம்பி அறுந்து ஜாபே வீணாகும். அதனால இப்பவே குளோனசில்லாவுல டிஸ்கை முழுசா நகல் எடுங்க, ரெண்டு பிரதி. பிசிஐ ஸ்லாட் உள்ள அதே மாதிரி பழைய போர்டு ஒண்ணு செகண்ட்ஹேண்ட்ல வாங்கி, நகல் டிஸ்கை அதுல மாட்டி, ஓடுதான்னு பார்த்து, துணி சுத்தி வெச்சிடுங்க. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8ஓட ஆதரவு முடிஞ்சது, அந்த மெஷினை நெட்ல இணைக்கவே கூடாது. ஓய்வா இருக்கும்போது ஸ்பேர் போர்டுல ரியாக்ட்ஓஎஸ் போட்டு டிரைவரை ஏத்திப் பாருங்க. ஏறலைன்னா லாகை அவங்களுக்கு அனுப்புங்க. இந்த மாதிரி அபூர்வமான கார்டு உள்ளவங்க அனுப்பற லாக்தான் அந்தத் திட்டத்துக்குச் சாப்பாடு.

---

ஓசூர்_வயர்கட்

ரொம்ப நன்றி தம்பி. சனிக்கிழமை மெஷினை நிறுத்தி டிஸ்க் நகல் எடுக்கறேன். இவ்வளவு நாள் இதைச் செய்யாம இருந்தது நினைச்சா வயிறு கலங்குது.

---

கிருஷ்ணகிரி_சர்வீஸ்

முதல் முயற்சி முடிஞ்சது. டெபியன் லினக்ஸ், கியூஎம்யூ, ஃப்ரீடாஸ் 1.4. ப்ரோகிராம் முதல் தடவையே எழுந்துச்சு. நீல நிறத் திரை, மேல மண்டி பேரு. எஃப்2 அழுத்தினேன், வரவுத் திரை வந்துச்சு. 1998ல இருந்து எல்லா சீசனும் உள்ள இருக்கு.

பிரின்ட்தான் சிக்கல். கியூஎம்யூல பாரலல் போர்ட்டை ஒரு ஃபைலுக்குத் திருப்பி, அந்த ஃபைலை லினக்ஸ்ல இருந்து பிரின்டருக்கு அனுப்பினேன். எழுத்து பெருசு பெருசா வந்து, வரி பாதியில மடிஞ்சு அடுத்த வரிக்குப் போகுது. தொகை ஒரு பக்கம், பேரு ஒரு பக்கம்.

---

பழைய_கிளிப்பர்

சிஹெச்ஆர்(15) தொலைஞ்சு போச்சு!

அந்தக் காலத்துல எல்லாரும் இப்படித்தான் எழுதுவோம். சீட்டு ஆரம்பத்துல 15ங்கற பைட்டை அனுப்பினா டாட் மேட்ரிக்ஸ் சுருக்கு எழுத்துக்கு மாறும். 80 எழுத்து வர்ற இடத்துல 137 எழுத்து வரைக்கும் அடங்கும். முடிவுல 18 அனுப்பினா பழைய அளவு. பேப்பர் தள்ள 12. உங்க லினக்ஸ் பிரின்டர் அமைப்பு இதை "டெக்ஸ்ட்"னு நினைச்சு, தன் இஷ்டத்துக்கு எழுத்து போட்டு, புரியாத பைட்டை எல்லாம் தூக்கிப் போட்டிருக்கும். ஒரு பைட்கூடத் தொடாம பச்சையா பிரின்டருக்குப் போகணும்.

---

பாலக்கோடு_லினக்ஸ்

ஐயா சொன்னது சரி. எல்பி கமாண்டுல ரா ஆப்ஷன் கொடுங்க. அப்புறம் ஒரு சின்ன ஸ்கிரிப்ட்: ஃபைலைக் கவனிச்சுக்கிட்டே இருந்து, 12ங்கற பைட் வந்ததும் அதுவரைக்கும் உள்ளதை வெட்டி ஒரு சீட்டா அனுப்பணும். எழுதி தனிமடல்ல அனுப்பறேன்.

---

பர்கூர்க்காரன்

நான் சொன்னதுல பாதியை வாபஸ் வாங்கிக்கறேன். சண்டை தீர்ந்த இடம்னு ஐயா எழுதினதை நேத்து ராத்திரி யோசிச்சேன். எங்க ஆபீஸ்லயும் அப்படி ஒரு கோடு இருக்கு, தொட்டவங்க எல்லாம் சூடு பட்டவங்க.

ஆனா மீதிப் பாதியைச் சொல்லியாகணும். பழசோட ஒத்துப்போறதுக்கும் ஒரு விலை உண்டு. ஹைக்குங்கற ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் பாருங்க. பி கம்பெனி 2001ல பாம் கம்பெனிக்குப் போனதும், அவங்க சிஸ்டமான பிஓஎஸ் நின்னு போச்சு. அதே வருஷம் ஓபன்பிஓஎஸ்னு ஆரம்பிச்சவங்கதான் இன்னிக்கு ஹைக்கு. பழைய பிஓஎஸ் 5 ப்ரோகிராம் மறு கம்பைல் இல்லாம அப்படியே ஓடணும்னு முடிவு பண்ணாங்க. பிஓஎஸ் ப்ரோகிராம்கள் எல்லாம் சி++ மொழி, ஜிசிசிங்கற கம்பைலரோட 2.95 பதிப்புல கம்பைல் ஆனது. அதுக்கப்புறம் வந்த ஜிசிசி சி++ ஃபங்ஷன் பேரை பைனரியில எழுதற முறையையே மாத்திடுச்சு. பேர் மாறினா பழைய ப்ரோகிராம் லைப்ரரிக்குள்ள தேடற ஆள் கிடைக்கமாட்டார். அதனால 32 பிட் ஹைக்குவோட அடித்தளத்தை இன்னமும் அந்தப் பழைய கம்பைலர்லயே கட்டறாங்க, மேல புது கம்பைலருக்கு இன்னொரு தொகுப்பு லைப்ரரி. ரெண்டு வீடு கட்டி ஒரே குடும்பம் நடத்தற மாதிரி. 64 பிட் பதிப்புல பழைய பைனரி ஒத்திசைவை விட்டுட்டாங்க. முதல் ஆல்ஃபா 2009, ஐந்தாவது பீட்டா 2024, இன்னும் முழுப் பதிப்பான ஆர்1 வரல. அழகான சிஸ்டம், நான் என் பழைய லேப்டாப்ல வெச்சிருக்கேன். ஆனா அந்த ஒரு முடிவு எத்தனை பேர் வருஷங்களைத் தின்னிருக்கும்னு நினைக்காம இருக்க முடியல.

---

பழைய_கிளிப்பர்

அந்த விலை உண்மைதான் தம்பி. ஆனா கொடுக்காம விட்டா அந்தச் செலவு ஊர்ல இருக்கற ஆயிரம் கணக்குப்பிள்ளைகள் தலையில விழும். சிஸ்டம் எழுதறவர் ஒரு தடவை பட்டுட்டா அவங்க எல்லாரும் தப்பிச்சாங்க.

மைக்ரோசாஃப்டே ஒரு காலத்துல இதை எப்படி மதிச்சாங்கன்னு பாருங்க. விண்டோஸ் 3 காலத்து சிம்சிட்டி விளையாட்டுல ஒரு பிழை: நினைவகத்தைத் திருப்பிக் கொடுத்துட்டு அதையே மறுபடி படிக்கும். பழைய விண்டோஸ்ல அது கண்டுக்காம போச்சு. விண்டோஸ் 95ல விழுந்துச்சு. தப்பு அந்த விளையாட்டுல. ஆனாலும் விண்டோஸ் 95க்குள்ளயே சிம்சிட்டி ஓடுதான்னு பார்த்து, அதுக்கு மட்டும் நினைவகத்தை உடனே திரும்ப எடுத்துக்காத மாதிரி கோடு எழுதினாங்க. வாங்கினவன் கண்ணுக்கு, நேத்து ஓடினது இன்னிக்கு ஓடலைன்னா கெட்டது புது சிஸ்டம்தானே.

என் கையால பட்டதும் ஒண்ணு. எடைமேடைக்கு டர்போ பாஸ்கல்ல ஒரு ப்ரோகிராம் எழுதியிருந்தேன். 98 வாக்குல அவங்க புது கம்ப்யூட்டர் வாங்கினாங்க, அதே டாஸ், அதே டிஸ்க். ஆன் பண்ண உடனே "ரன்டைம் எரர் 200". பூஜ்யத்தால வகுத்துட்டேன்னு சொல்லுது, என் கோடுல வகுத்தலே இல்ல. லாரி எல்லாம் வரிசையா நிக்குது. அப்புறம்தான் புரிஞ்சது: டர்போ பாஸ்கலோட சிஆர்டி யூனிட், தொடங்கும்போதே இந்தக் கம்ப்யூட்டர் எவ்வளவு வேகம்னு அளக்கும். கடிகாரத்தோட ஒரு துடிப்புல, அதாவது 55 மில்லிசெகண்ட்ல, எத்தனை சுத்து சுத்த முடியுதுன்னு எண்ணி 55ஆல வகுக்கும். விடை 65535க்குள்ள அடங்கணும். மெஷின் 200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டினதும் அடங்கல. டாஸ் மாறல, டிஸ்க் மாறல, வேகம் மட்டும்தான் மாறுச்சு. அதை எழுதினவங்க இவ்வளவு வேகமான மெஷின் வரும்னு கணக்குலயே எடுக்கல. பிறகு இஎக்ஸ்இயைத் திருத்தற சின்ன பேட்ச் ப்ரோகிராம்கள் வந்துச்சு, பிழைச்சோம்.

அதனால, பழசைப் புதுசா எழுதற இந்த ஆளுங்க பழசோட நல்லதை மட்டும் நகல் எடுத்தா பத்தாது. அதோட தப்பு, மெத்தனம், வாக்குக் கொடுக்காமலே அது செஞ்சுக்கிட்டு இருந்தது, எல்லாத்தையும் எடுக்கணும். ப்ரோகிராம்கள் எல்லாம் அதுமேலதான் உக்காந்திருக்கு.

---

தருமபுரி_அச்சகம்

நான் தருமபுரியில அச்சகம் நடத்தறேன். உங்க பேச்சை எல்லாம் படிச்சேன். எங்க தொழில்ல சிஸ்டத்தைப் பழையபடி கொண்டு வந்தாலும் தீராத ஒரு கஷ்டம் இருக்கு, சொல்லணும்னு தோணுச்சு.

எங்கிட்ட 2000த்துல இருந்து அடிச்ச கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர்ல இருக்கு. ஒரே குடும்பத்துல அம்மா கல்யாணப் பத்திரிகை அடிச்சவங்க இப்ப பொண்ணு கல்யாணத்துக்கு வந்து, "அதே மாதிரி, தாத்தா பேரெல்லாம் அதே வரிசையில" போடுங்கன்னு கேக்கறாங்க. ஃபைலைத் திறந்தா ஆங்கில எழுத்தும் குறியீடுமா கொட்டுது. யுனிகோடு பரவறதுக்கு முன்னாடி வந்த எழுத்துருக்கள்ல "அ"வுக்குன்னு ஒரு எண் கிடையாது. ஆங்கில எழுத்து இருக்கற கட்டத்துல தமிழ் வடிவத்தை வரைஞ்சு வெச்சிருப்பாங்க, ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி. அரசாங்கம் 1999ல டாம், டாப்னு தரம் கொண்டு வந்துச்சு, ஆனா கடையில ஓடினது பழையதுதான். அந்த எழுத்துரு ஃபைல் இல்லேன்னா, உள்ள இருக்கறது தமிழ்னே யாருக்கும் தெரியாது.

மாத்தறதும் சும்மா எண்ணுக்கு எண் போடற வேலை இல்ல. "கொ" எடுத்துக்கோங்க. பழைய எழுத்துருல கண்ணுக்குத் தெரியற வரிசை: முதல்ல ஒற்றைக் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். யுனிகோடுல முதல்ல க, அதுக்கப்புறம் ஒகரக் குறி ஒண்ணு. கொம்பைத் தூக்கி க-வுக்குப் பின்னாடி கொண்டு போய், காலோட சேர்த்து ஒண்ணாக்கணும். ஒரு இடத்துல தவறினா "கொடி"ன்னு இருக்கறது கொம்பு தனியா, "காடி" தனியான்னு பிரிஞ்சு நிக்கும். பெரியவங்க பேர்ல அப்படித் தப்பு வந்தா சம்பந்தி வீட்டுக்கு முன்னாடி தலைகுனிவு.

இப்ப தினம் ராத்திரி ரெண்டு ஃபைல் மாத்தி, எழுத்துக்கு எழுத்து படிச்சுப் பார்த்து வெக்கறேன். என் சந்தேகம் ஒண்ணு: இப்படி ஒரு கம்பெனியோட சிஸ்டத்தை மாதிரியே எழுதறது சட்டப்படி சரியா? நாளைக்கு யாராவது வந்து எடுக்கச் சொன்னா?

---

பாலக்கோடு_லினக்ஸ்

சார், நீங்க எழுதினதைப் படிச்சதும் என் அக்கா கல்யாணப் பத்திரிகை ஃபைல் எங்க இருக்குன்னு தேடினேன்.

சட்டம் பத்தி: கோடை நகல் எடுக்கறது வேற, அது செய்யற வேலையைப் பார்த்துத் தானா எழுதறது வேற. நம்ம நாட்டு 1957 பதிப்புரிமைச் சட்டம் 52ஆவது பிரிவுலயே இதுக்கு இடம் இருக்கு. சட்டப்படி வெச்சிருக்கற ஒரு ப்ரோகிராமோட தனியா எழுதின இன்னொரு ப்ரோகிராம் ஒத்துப்போக வேண்டிய தகவல் வேற வழியில எளிதாக் கிடைக்கலைன்னா, அதைத் தெரிஞ்சுக்கத் தேவையானதைச் செய்யறது மீறல் ஆகாது. ஒரு ப்ரோகிராம் எப்படி வேலை செய்யுதுன்னு கவனிச்சு, சோதிச்சுப் பார்க்கறதும் அப்படித்தான். அமெரிக்காவுல கூகுளுக்கும் ஆரக்கிளுக்கும் நடந்த வழக்குல, ஜாவாவோட அழைப்பு வரிகள் சுமார் 11,500ஐ கூகுள் எடுத்துக்கிட்டது நியாயமான பயன்பாடுன்னு 2021ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

டாஸ்ல இன்னும் நல்ல செய்தி. மைக்ரோசாஃப்ட் எம்எஸ்-டாஸ் 1.25, 2.0 சோர்ஸை 2018லயும், 4.00 சோர்ஸை 2024லயும், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம்ங்கற எம்ஐடி உரிமத்துல வெளியிட்டுட்டாங்க. எல்லா சிஸ்டத்தையும் கைவிடும்போது இப்படிச் செஞ்சிருந்தா ஓசூர் அண்ணாவுக்கு இன்னிக்கு வயிறு கலங்கியிருக்காது.

---

பர்கூர்க்காரன்

கிருஷ்ணகிரி அண்ணா, என்னால முடிஞ்ச ஒரு உதவி. ப்ரோகிராமை இருக்கறபடி ஓடவிடுங்க. ஆனா டேட்டா ரெண்டாவது ரூபத்துலயும் வெளியில இருக்கணும். டிபிஎஃப் ஃபைல் ரொம்ப எளிமையானது: தலைப்புல ஒவ்வொரு புலத்துக்கும் 32 பைட், அதுக்குக் கீழ வரிசையா பதிவுகள், எண்கள்கூட படிக்கிற எழுத்தாவே இருக்கும். தினம் ராத்திரி அதை எதுலயும் திறக்கற சிஎஸ்வி டெக்ஸ்ட் ஃபைலா மாத்தற ஸ்கிரிப்ட் எழுதித் தரேன்.

---

பழைய_கிளிப்பர்

அருமை தம்பி. ஒரே ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு பதிவோட முதல் பைட்டைப் பாருங்க. வெற்றிடமா இருந்தா உயிரோட இருக்கற பதிவு, நட்சத்திரக் குறியா இருந்தா அழிச்சது. பேக் கமாண்ட் கொடுக்கற வரைக்கும் அழிச்சதும் ஃபைல்லயே இருக்கும். அதையும் சேர்த்துக் கூட்டினா மொத்தம் தப்பும், 2003ல ரத்து பண்ண சீட்டுக்கு இன்னிக்குப் பாக்கி கேப்பீங்க.

---

கிருஷ்ணகிரி_சர்வீஸ்

வேலை முடிஞ்சது. நேத்து மண்டியிலயே உக்காந்து பண்ணேன்.

ஆன் பண்ணா லினக்ஸ் வந்து நேரா அந்த நீலத் திரையில நிக்குது, நடுவுல எதுவும் காட்டாது. கணக்குப்பிள்ளையை உக்காரவெச்சு, போன வருஷத்துச் சீட்டுல 20 எடுத்து அதே எண்களை மறுபடி போடச் சொன்னேன். எஃப்2, 1, எடை, விலை, என்டர், என்டர், எஃப்5. பிரின்டர் அடிக்க ஆரம்பிச்சதும் அவர் திரும்பிக்கூடப் பார்க்கல, சத்தத்தை வெச்சே "சின்ன எழுத்துல வருது, சரிதான்"னார். பழைய சீட்டு மேல புதுச் சீட்டை வெச்சு ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தோம். 20லயும் தொகை பைசா மாறல. பர்கூர் தம்பியோட ஸ்கிரிப்ட்டும் ஓடுது. அழிச்ச பதிவுகளை ஒதுக்கிட்டு சீசன் மொத்தம் ப்ரோகிராம் காட்டற மொத்தத்தோட ஒத்து வருது.

ஒரு சின்ன கேள்வி மட்டும் பாக்கி. சீட்டுத் தலைப்புல ஆங்கிலத்துல இன்னமும் தருமபுரி மாவட்டம்னுதான் வருது. 2004ல மாவட்டம் பிரிஞ்சதுக்கப்புறம் யாரும் மாத்தல, இஎக்ஸ்இக்குள்ளயே எழுதியிருக்கு. ஹெக்ஸ் எடிட்டர்ல பார்த்தேன், தெளிவா தெரியுது. மாத்தலாமா?

---

பழைய_கிளிப்பர்

மாத்தலாம், நகல்ல மட்டும் கை வையுங்க. பைட் எண்ணிக்கை ஒண்ணுகூட கூடக்கூடாது, குறையக்கூடாது. ஆங்கிலத்துல தருமபுரி 10 எழுத்து, கிருஷ்ணகிரி 11. பேருக்குப் பின்னாடி வெற்றிடம் இருந்தா அதுல ஒண்ணை எடுத்துக்கோங்க.

---

கிருஷ்ணகிரி_சர்வீஸ்

ஒரே ஒரு வெற்றிடம்தான் ஐயா இருந்துச்சு, அதுக்கப்புறம் உடனே பின்கோடு. எடுத்தா ஊர்ப் பேரும் பின்கோடும் ஒட்டிக்கும். அவரைக் கேட்டேன். "ஒட்டிக்கிட்டா இருக்கட்டும் தம்பி, சீட்டை எடுத்துக்கிட்டுப் போறவன் எங்கயாவது காட்டினா மாவட்டம் சரியா இருக்கணும்"னார். மாத்திட்டேன். ஒட்டிக்கிட்டுதான் வருது. ஏப்ரல் முதல் வாரம் முதல் லோடு வரும், அன்னிக்கு நானும் அங்க இருப்பேன்.